ஒரு காலைத் தூக்கி

கிரிம்ஸ்பியில் காற்றுக்கு வேலை நேரம் கிடையாது.
ஹம்பர் முகத்துவாரத்தில் புறப்பட்டு
மீன்கிடங்குகளைத் துழாவி
எங்கள் நர்சரிக் கம்பிவேலிக்குள்
கேட்காமல் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்கு
வலைப்பையைத் தோளில் போட்டு நானும் வருவேன்.
பைக்குள் பதினொரு பந்துகள், மூன்றாம் எண்,
காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டவை.
முழுக்க அடித்த பந்து
சின்னக் கால்களை மதிப்பதில்லை.

"பிரையனி மிஸ் வந்தாச்சு!"
கோட்டுக்குப் பொத்தான் போடாத பதினொரு பேர்.
நான்கு வயது.
இரண்டு பேருக்கு அதுவும் ஆகவில்லை.

முதல் வாரம்
ஆர்விட்ஸ் பந்தின் மேல் உட்கார்ந்துவிட்டான்.
முட்டையாம். பொரியும்வரை எழமாட்டானாம்.
டாட்டி தன் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
இதுக்குக் காது எங்கே என்றாள்.
வில்ஃப்ரெட் ஓங்கி உதைத்தான்:
கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம்,
பந்து மட்டும்
வைத்த இடத்தில் வைத்தபடி.

திருமதி ஹெப்வொர்த் தரும் படிவத்தில் கட்டங்கள் உண்டு.
சமநிலை. முறைவரக் காத்திருத்தல்.
இடது, வலது. தோழமை.
பேனா குளிரில் எழுதாது,
அது ஒரு சாக்கு எனக்கு.
பொரியாத முட்டையை
ஆர்விட்ஸ் மூன்றாம் வாரம் டாட்டிக்கு உருட்டிவிட்டதை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
"பாத்து, உள்ள குஞ்சு இருக்கு" என்றான்.
அவள் பாதத்தின் உட்பக்கத்தால்
அத்தனை மெதுவாக அதை வாங்கினாள்.
நான் பதினாறு வயதில் கற்ற தொடுகை அது.

பயிற்சி வகுப்பில் யாரும் எனக்குச் சொல்லாதது ஒன்று.
உதைக்க எல்லோருக்கும் தெரியும்.
வயிற்றுக்குள்ளேயே உதைத்துப் பழகி வந்தவர்கள்தானே.
தெரியாதது நிறுத்த.
ஓடுகிற உடம்புக்குள் ஒரு கதவைத் தேடி
தானே அதைச் சாத்த.

அதனால் வாராவாரம் ஒரே விளையாட்டு.
"போ" என்றால் பந்தோடு போகணும்.
"நில்" என்றால் பந்தின் தலையில் ஒரு கால்.
மறுபடி "போ" வரும்வரை
மூக்கு ஒழுகினாலும் அசையக் கூடாது.

எல்லோரும் ஒருநாள் நின்றார்கள்.
மேவிஸ் நிற்கவில்லை.
அவள் அம்மாவுக்கு மீன் பதப்படுத்தும் ஆலையில் இரவு ஷிப்ட்;
தூங்காத கண்ணோடு கொண்டுவந்து விடுவாள்,
மகள் கையைவிட்டதுதான் தெரியும்.
"நில்" என்பேன். பந்தைத் தாண்டி,
ஆரஞ்சு கூம்பைத் தாண்டி, என்னைத் தாண்டி
வேலியில் மோதித்தான் நிற்பாள்.
மோதிவிட்டுச் சிரிப்பாள்.
ஆறு வாரம் அவள் கட்டம் காலி.

ஏழாம் வாரம்
பால் கொண்டுவந்தவன் கேட்டைச் சாத்தவில்லை.
காற்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.
மேவிஸின் பந்தை அப்படியே அள்ளி
வாசல் வழியே தெருவுக்கு உருட்ட,
பந்தின் பின்னே மேவிஸ்,
மேவிஸின் பின்னே எல்லோரும்.
என் முட்டியில் பழைய ஆபரேஷன்;
கால் போகும் முன் தொண்டை போனது.

"நில்!"

குளிர்பெட்டி லாரி ஒன்று
தெருவை அடைத்துக்கொண்டு கடந்தது.
அது போனபின் பார்த்தேன்.
நடைபாதையின் விளிம்புக்கு ஒரு சாண் உள்ளே
மேவிஸ்.
ஒற்றைக்காலில்.
பந்து இல்லாத இடத்தில்
பந்தின் உயரத்துக்குத் தூக்கிய மறு கால்.
அவள் முதுகில் முட்டி வில்ஃப்ரெட்,
வில்ஃப்ரெட்டைப் பிடித்து டாட்டி, அப்புறம் மற்றவர்கள்,
எல்லோருக்கும் ஒரு கால் காற்றில்.

பந்து எதிர்ச்சுவரில் ஒன்றும் ஆகாமல் கிடந்தது.

ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினேன், பதினொன்று.
உள்ளே கூட்டி வந்து மறுபடி எண்ணினேன்.
மேவிஸை மட்டும் தூக்கித்தான் வரவேண்டியிருந்தது.
இறக்கிவிட்டேன். அதே ஒற்றைக்கால்.
உடம்பெல்லாம் ஆடுகிறது, உதடு கடித்திருக்கிறாள்.
"என்னடா, என்ன?" என்று குனிந்தேன்.

"நீங்க இன்னும் 'போ' சொல்லல, மிஸ்."

கேட்டைச் சாத்தி,
தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டுச்
சொன்னேன்.